வாசலில் அழுத பாட்டும் குழாயில் வந்த பாட்டும்

அப்பா மைக் செட் வைத்திருந்தார். வத்திராயிருப்புப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் கல்யாணம், சடங்கு, பொங்கல், கட்சிக் கூட்டம் எதுவென்றாலும் அவருடைய குழாய்தான் கட்டுவார்கள். இசைத்தட்டுகளைத் தகரப் பெட்டிகளில் பிரித்து வைத்திருப்பார். சாமிப் பாட்டுக்கு ஒன்று, கல்யாணப் பாட்டுக்கு ஒன்று. இன்னொன்றைக் 'கேதப் பெட்டி' என்பார். டி.எம். சௌந்தரராஜனும் கண்டசாலாவும் பி.பி. ஸ்ரீனிவாசும் அதற்குள் இருந்தார்கள். இழவு விழுந்த வீட்டு வாசலில் வேப்பமரத்தில் குழாயை ஏற்றிக் கட்டிவிட்டால், ஊருக்கெல்லாம் சேதி சொன்னது போல ஆகிவிடும்.

அசலூரிலிருந்து உறவுப் பெண்கள் வந்து தெருமுக்கில் இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு வாசலை நோக்கி வரும்போது அப்பா தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒப்பு வைத்து அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கருப்பட்டிக் காப்பிக்குத் திரும்பும்வரை குழாய் பேசக் கூடாது. ஒருநாள் கையாள் பையன் தெரியாமல் தட்டை ஓடவிட்டபோது, உள்ளே இருந்து என் அப்பத்தாவே எழுந்து வந்து சத்தம் போட்டாள். செத்த வீட்டில் பாடுவதற்குப் பெண்கள் இல்லையா, எவனோ பட்டணத்தில் பாடினதை எதற்குப் போடுகிறாய் என்று கேட்டாள்.

அப்பத்தாவின் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தமிழில் மனத்துயரம் பாட்டான கதையைச் சொல்ல வருகிறவர்கள் சினிமாவில் தொடங்கி சினிமாவிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வாசலில் உட்கார்ந்து பெண்கள் கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. குழாயில் வந்த பாட்டு அதன் வாரிசு என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

அப்பத்தாவின் அண்ணன் இறந்தபோது நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அண்ணிக்காரி தோளில் கையைப் போட்டுக்கொண்டு, முதலில் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வெட்டின கிணறு, கட்டின தொழுவம், முத்தும் பவளமும் இழைத்த வாசல். அந்த வீட்டில் முத்துமில்லை, பவளமுமில்லை. சாதாரண ஓட்டு வீடு. ஆனால் ஒப்பாரியில் பிறந்த வீடு எப்போதும் பொன்னால் ஆனதுதான். ஓர் அடியில் அன்றைக்கு இருந்த நிலை, அடுத்த அடியில் இன்றைக்கு வந்த கதி. எதுகை ஓரிடத்திலும் பிசகவில்லை. அடி முடிகிற இடத்தில் குரல் இறங்கி விசும்பலாகும்; சுற்றி இருக்கிறவர்கள் அந்த விசும்பலைப் பிடித்து இழுப்பார்கள்; அவர்கள் இழுத்து முடிப்பதற்குள் அவள் அடுத்த அடியைக் கட்டிவிடுவாள். நாலைந்து சுரங்களைத் தாண்டி மெட்டு எங்கேயும் போகவில்லை. மெட்டு பழையது, உவமைகள் பாதிக்கு மேல் வழிவழியாக வந்தவை. பேர்களும் விவரங்களும் மட்டும் அவளுடையவை.

பாட்டு நன்றாகச் சூடேறிய பிறகு விஷயம் வந்தது. என் அத்தை கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகச் சொன்ன இரட்டை வடச் சங்கிலி வரவேயில்லை. சபையில் சொன்ன சொல், வெற்றிலை மாற்றிச் சொன்ன சொல், யார் தடுத்து நின்றுபோயிற்று என்று அண்ணனையே கேட்டாள். கேட்டபோது அவள் கை அண்ணிக்காரி தோளை விட்டு எடுபடவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. ஒப்பாரியில் சொன்னதற்குப் பதில் சொல்லக் கூடாது. மறுநாள் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கும் போகக் கூடாது. பிறகு அண்ணிக்காரி முறை. நாத்தனார்மாருக்குச் செய்து செய்தே கிணற்றடிக் காடு கைவிட்டுப் போன கதையை அவள் புருஷனிடம் சொல்லி அழுதாள். அப்பத்தா அந்த விசும்பலையும் சேர்ந்து இழுத்தாள்.

தென்னாற்காட்டுப் பக்கம் தங்கி ஆராய்ச்சி செய்த இசபெல் கிளார்க்-தெசே என்ற மானுடவியலாளர், செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பில் 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். இழவு வீட்டில் அழுகிற பெண்கள் சொந்தத் துயரத்தையே அழுகிறார்கள் என்பது அங்கே அவர் கேட்டறிந்தது. எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணம் வகுக்கிறது: பிறர் இழிவுபடுத்துவது, இழந்துபோவது, நிலை தளர்வது, வறுமை. சாவு இவற்றில் ஒன்றுக்குள்தான் அடங்கும். மிச்ச மூன்றையும் அழுவதற்கு ஒரு பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் வேறு இடம் இல்லை. பிறத்தியார் வீட்டுச் சாவுதான் இடம்.

இந்த முறை எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூறு 246-ஆம் பாட்டைத்தான் காட்டுவேன். பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். அவள் அவர்களை நேருக்கு நேர் நிறுத்திப் பேசுகிறாள். உயிரோடு இருந்தால் தனக்கு என்ன வாழ்வு என்று கணக்குச் சொல்கிறாள்: நெய் தொடாத, இலையில் கிடந்த, கையால் பிழிந்தெடுத்த நீர்ச்சோறு, எள்ளுத் துவையல், புளிவிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. என் நெஞ்சு வெடிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. எதைத் தின்ன வேண்டும், எங்கே படுக்க வேண்டும் என்று சொல்கிறாள். கைம்பெண் ஒப்பாரியை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தக் குரல் உடனே அடையாளம் தெரியும். பூவும் மஞ்சளும் போனது, நல்ல காரியத்தில் முன்னால் நிற்க முடியாமல் போனது, அடுப்படி யார் கைக்குப் போகும் என்பது, எல்லாம் இதே வரிசையில் வரும்.

குறுந்தொகையில் 28-ஆவது பாட்டு ஔவையார் பாடியது. அங்கே சாவு இல்லை, பிரிவுதான். நள்ளிரவில் ஊர் சுகமாகத் தூங்குகிறது, ஒருத்திக்கு மட்டும் உறக்கம் இல்லை. முட்டிக்கொள்ளவா, எதையாவது தாக்கவா, ஏதாவது சாக்குச் சொல்லிக் கூவிவிடவா என்று அவள் கேட்டுக்கொள்கிறாள். மனம் கொந்தளிப்பதை இவ்வளவு உடம்போடு சொன்ன பாட்டு தமிழில் அதற்குப் பிறகும் குறைவு. அவள் கோபம் காதலன் மேல் போகவில்லை. தன் நோவை அறியாமல் தூங்குகிற ஊர் மேல் போகிறது. ஊரைக் கேள்வி கேட்பதுதான் இந்தப் பாட்டையும் ஒப்பாரியையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறது.

எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அர்ச்சுனாபுரம். நல்லதங்காளுக்கு அங்கே கோயில் இருக்கிறது. மானாமதுரையில் பஞ்சம், ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் ஊரில் இல்லை, மூளி அலங்காரி என்ற அண்ணி கதவடைக்கிறாள், பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். கதை எல்லோருக்கும் தெரியும். 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்று மலிவுக் காகிதத்தில் அச்சடித்த புத்தகம் சந்தை தோறும் விற்றது. சென்னையில் குஜிலிக் கடைகள் இப்படிப் புத்தகங்களை ஓரணாவுக்கும் அதற்குக் குறைவாகவும் போட்டுத் தள்ளின. கொலை, வெள்ளம், ரயில் விபத்து எது நடந்தாலும் அதைச் சிந்தாகக் கட்டி அச்சடித்து விற்றார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். நல்லதங்காளின் புலம்பலை அப்பத்தா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அதில் அவளுக்குப் பிடித்த இடம் கிணற்றடி இல்லை. அண்ணி கொடுத்த ஈர விறகும், அதை வைத்துப் பசித்த பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்ட முடியாமல் கிடக்கிற நல்லதங்காளும்தான். அந்த இடத்தில் அவள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் சொந்தக் கதைக்குப் போய்விடுவாள்.

நாடக மேடையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரிச்சந்திர நாடகத்தில் பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனை மடியில் போட்டுச் சந்திரமதி புலம்புகிற மயான காண்டத்துக்கு ஊரே விழித்திருக்கும். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்துக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றி அந்த மண்ணின் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். எங்கள் ஊர் மேடையில் சந்திரமதி புலம்பும்போது முன்வரிசைப் பெண்கள் வேஷக்காரரை முந்திக்கொண்டு அழுவார்கள்.

பாடை தூக்கியதும் தெருமுக்கோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் ஆண்களின் எல்லை, அங்கே பாட்டும் வேறு. சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல். அங்கே பாடையை இறக்கி வைத்ததும் வெட்டியான் அரிச்சந்திரன் பாட்டைச் சொல்வார். கொள்ளி வைக்கிற இடத்தில், பட்டினத்தார் தன் தாயின் சிதைக்கு முன் பாடியதாகச் சொல்லப்படும் வெண்பாக்களைப் பண்டாரம் பாடுவார். அங்கே சங்கிலிக் கணக்கு இல்லை, கிணற்றடிக் காடு இல்லை. பத்து மாதம் சுமந்தவளை நெருப்பில் வைக்கிறேனே என்ற தவிப்பு இருக்கிறது. அதற்கு மேலே உடம்பு நிலையில்லை, உறவு நிலையில்லை என்கிற பேருண்மை. யாருக்குப் பாடினாலும் பொருந்தும். யார் பெயரும் வேண்டியதில்லை.

சினிமாவின் சோகப் பாட்டு வாசலிலிருந்து வரவில்லை, சுடுகாட்டிலிருந்து வந்தது என்பது என் துணிபு. அப்பாவின் கேதப் பெட்டியில் அதிகம் தேய்ந்த தட்டு 'பாத காணிக்கை' (1962) படத்தினுடையது. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் சௌந்தரராஜன் பாடியது. எந்த உறவு எதுவரை வரும் என்று அளந்து சொல்கிற அந்தப் பாட்டின் கருத்து பட்டினத்தாரிடமிருந்து வந்தது. அதே 1962-இல் 'பட்டினத்தார்' என்ற படத்தில் சௌந்தரராஜனே பட்டினத்தாராக நடித்தார். சுடுகாட்டுக்குள் ஆண்கள் மட்டும் கேட்டதைக் குழாய் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது; பெண்கள் அழுகிற நேரத்தில், பெண்கள் அழுகிற இடத்தில். அப்பத்தாவின் கோபத்துக்கு அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை.

ஆண் தனியாக நின்று தன் துயரத்தைப் பாடுகிற வழக்கத்தைப் பெரிதாக நிலைநிறுத்திய படம் 1953-இன் 'தேவதாஸ்'. சரத் சந்திரரின் வங்க நாவல், தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தது. நாகேஸ்வர ராவுக்கு இரண்டிலும் கண்டசாலாவே பாடினார். இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் வெளிவருமுன்பே இளவயதில் இறந்துவிட்டார். தமிழ்ப் பாட்டு எழுதியவர்களில் உடுமலை நாராயண கவி முக்கியமானவர். 1899-இல் பூளவாடியில் பிறந்து, நாடகத்துக்கும் கிராமத்து மெட்டுக்கும் எழுதிப் பழகியவர். என்.எஸ். கிருஷ்ணனுக்கு நையாண்டிப் பாட்டு எழுதிய கை அது. அதே கையால் குடிகாரக் காதலனுக்கு எழுதினார். சொற்கள் எல்லாம் நாட்டுப்புறத்து எளிய சொற்கள். பாடுகிறவனுக்கு முன்னால் மட்டும் யாரும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் ஊரில் எங்கோ இருக்கிறார்கள். ஒப்பாரிக்காரிக்கு இப்படி ஒரு நிலைமை வந்ததே கிடையாது. அவள் யாரைக் கேட்கிறாளோ அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

'புதிய பறவை' (1964) படத்துச் சோகப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. மனநிம்மதி போன ஒருவனைச் சுற்றி அவ்வளவு வாத்தியங்களை அடுக்கி, அவன் குரலையே அவன் எண்ணங்கள் துரத்துவது போல விஸ்வநாதன்-ராமமூர்த்தி செய்த வேலைக்கு இணை இல்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள்: அவன் ஏன் தவிக்கிறான் என்பது பாட்டில் இல்லை. இருக்கவும் முடியாது. மனைவி எப்படிச் செத்தாள் என்ற உண்மை கடைசிக் காட்சியில்தான் வெளிவர வேண்டும். அதுவரை படம் பார்ப்பவர்களுக்கும் தெரியக் கூடாது. ஆகவே கண்ணதாசன் காரணத்தை முழுக்க மறைத்துவிட்டுத் துயரத்தை மட்டும் எழுத வேண்டியிருந்தது. அதை அவரால் செய்ய முடிந்தது என்பதுதான் அவர் பெருமை. காரணம் இல்லாததால் அந்தப் பாட்டு கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சொந்தமாயிற்று. கடன்பட்டவன், பரீட்சையில் தோற்றவன், பெண் கொடுக்க மறுக்கப்பட்டவன், அவனவன் தன் காரணத்தை அதில் போட்டுக்கொண்டான். பிறகு 'பயணங்கள் முடிவதில்லை' (1982) வந்தபோதும் இதே ஏற்பாடுதான். நோயை மறைத்துக் காதலியைத் தள்ளிவிடுகிற பாடகன், காரணத்தைச் சொல்லாமல் பாடித் தீர்க்கிறான்.

இது நல்லதா கெட்டதா என்று என்னால் ஒரே பக்கமாகச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அழத் தெரியாது. இழவு வீட்டில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நிற்பார்கள். சித்தப்பா அற்பாயுசில் போனபோது அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதி முடிந்த அன்று இரவு, குழாயில் கொடுக்காமல், சின்ன ஸ்பீக்கரில் 'பாசமலர்' தட்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மறுபடி ஊசியை வைத்தார். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவருக்கு வேறு என்ன இருந்திருக்கும்? வாலி, சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊரைப் பார்க்கத் திரும்பிவிடலாம் என்றிருந்த நேரத்தில், 'சுமைதாங்கி' (1962) படத்துக்குப் பாடியிருந்த பாட்டை பி.பி. ஸ்ரீனிவாஸ் அவருக்குப் பாடிக் காட்டினாராம். அதைக் கேட்டுத்தான் தங்கிவிட்டேன் என்று வாலியே பல மேடைகளில் சொன்னார். ஒரு பாட்டு அவ்வளவு செய்யும்.

என் குறை வேறு. சினிமாவில் பெண்ணின் துயரத்துக்கும் ஆண்தான் சொல் கொடுத்தார். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற கதை. புற்றுநோயோடு படுத்திருக்கிற கணவன், தான் இறந்தபின் நீ மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் பாட்டாகப் பதில் சொல்கிறாள். சிதார் கூடவே அழ, பி. சுசீலா பாடியது. கேள்விமேல் கேள்வியாகவே போகிற பாட்டு. நேரே ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி என்பதால் அப்பத்தாவுக்கு அந்த ஒரு தட்டு மட்டும் பிடிக்கும். பிடித்தாலும், கேட்டு முடித்துவிட்டு, அவள் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே என்பாள். எங்கே இருப்பாள், என்ன சாப்பிடுவாள், மாமியார் வீட்டில் வைத்துக்கொள்வார்களா? பெருங்கோப்பெண்டு சான்றோரிடம் வைத்த அதே விசாரணை. புறநானூறு என்ற பேரைக்கூடக் கேட்டறியாத அப்பத்தாவிடமிருந்து வந்தது.

1980-இல் 'ஒருதலை ராகம்' வந்தபோது நான் கல்லூரியை முடித்திருந்தேன். டி. ராஜேந்தர் எழுதிய பாட்டுகளைப் பையன்கள் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டு ஒன்றில், நடக்கவே முடியாத காட்சிகளாக அடுக்கிக்கொண்டே போவார். அந்த அடுக்கில் ஒப்பாரியின் கைவேலை தெரிகிறது. ஆனால் பாடுகிறவன் ரயிலில் போகிற கல்லூரிப் பையன், அவன் துக்கம் அவள் திரும்பிப் பார்க்காதது. அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கு எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் சோகம் என்றாலே காதல் தோல்வி என்று ஆகிவிட்டது. தொல்காப்பியர் சொன்ன நான்கில் இழிவும் வறுமையும் பாட்டை விட்டே போய்விட்டன. தாமரை போன்ற பெண் பாடலாசிரியர் ஒருவர் நிலைத்து நிற்பதற்கு 1990-களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்பாரிக்கும் காலம் மாறியது. கேசட்டில் வந்தது, கூலிக்குப் பாடுகிறவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இறந்தவர் பெயரைக் கேட்டுச் செருகிப் பாடுகிறார்கள். அவர்கள் தொழிலைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் சங்கிலிக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. ஐஸ் பெட்டி வந்தபிறகு தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தைத் தடவி அழ முடியவில்லை. கண்ணாடியின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் பாட வேண்டும். படித்த பெண்கள் ஒப்பு வைக்கக் கூசுகிறார்கள். அது பட்டிக்காட்டு வழக்கம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். பாடப் புத்தகத்தில் ஒப்பாரிக்கு இலக்கணம் படித்தோம். வகுப்பில் ஒருத்தியையும் பாடச் சொன்னதில்லை.

அச்சில் வந்த நாட்டுப்பாடல் தொகுப்புகள் மதிப்புள்ளவை. பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி திரட்டியதைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958-இல் வந்த 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இரண்டும் என் மேசையிலேயே இருக்கின்றன. என்றாலும் ஒப்பாரியை அடி அடியாக அச்சடித்துவிட்டு, யார் பாடினாள், யாருக்கு, எந்த மனக்குறையில் என்பதை விட்டுவிட்டால் அது பாதிப் பாட்டு. நான் இப்போது எழுதி வைப்பவற்றில் பாட்டுக்கு முன்னால் அந்த விவரத்தைத்தான் எழுதுகிறேன். பாடியவர்கள் சம்மதித்தால் பெயரோடு.

போன வருஷம் எங்கள் தெருவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். அவர் மனைவிக்கு நாற்பதுகூட இருக்காது. மாமியார் ஒப்பு வைத்துக்கொண்டிருந்தபோது பேசாமல் இருந்தவள், பிறந்த வீட்டுக் கோடி வந்ததும் தொடங்கினாள். பொன்னும் முத்தும் முறைப்படி வந்தன. பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் கட்டின பணம், அடகில் இருக்கிற தாலிக்கொடி, மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டிய இரண்டாம் பருவக் கட்டணம், செவ்வாய்க்கிழமை கட்ட வேண்டிய குழுக்கடன் தவணை, எல்லாம் எதுகையோடு வந்தன. தவணை என்ற சொல்லுக்கு அவள் பிடித்த எதுகையைக் கேட்டு நான் அசந்துபோனேன். குழுத் தலைவி ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி அவள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்த் தவணையைக் குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள், அடுத்ததையும்.